மிஞ்சியது எவ்வளவு என்று யார் சொல்வது?

வாசகர் கேள்வி (சுருக்கம்):

அரசு மேல்நிலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்து 58 வயதில் ஓய்வு பெற்றவன். இப்போது எனக்கு 66, மனைவிக்கு 61. மன்னார்குடியில் சொந்த வீடு. கம்யூட்டேஷன் (ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாக வாங்கியது) பிடித்தம் போக மாதம் 52,000 ரூபாய் பென்ஷன் வருகிறது. இருவருக்கும் சேர்த்து 34,000 ரூபாய்க்கு மேல் செலவாவதில்லை. பணிக்கொடை, சேமநல நிதி, அப்பா வழி நிலத்தை விற்றதில் என் பங்கு எல்லாமாக 58 லட்சம் ஒரே வங்கியில் எஃப்.டி.யாக இருக்கிறது. வட்டியைத் தொட்டதில்லை, அசலோடு சேர்ந்து தானாகப் புதுப்பித்துக்கொள்கிறது. இதுபோக பைபாஸ் பக்கம் 2,400 சதுர அடி மனை, மனைவியின் நகை 70 பவுன். கோவையில் ஐ.டி. வேலையில் இருக்கும் மகன் ஃபிளாட் வாங்க 40 லட்சம் கேட்கிறான். அண்ணன் மகன் கடை வைக்க 5 லட்சம் கடன் கேட்கிறான். நான் வேலை பார்த்த பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்பது என் ஆசை. திருச்சியில் இருக்கும் மகள் எதுவும் கேட்கவில்லை. மனைவியோ 'தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்' என்கிறாள். இரண்டு வருஷமாக அவளுக்கு முழங்கால் வலி, அந்த அலுப்பில் பேசுகிறாளோ என்னவோ. தேவைக்கு மேல் வைத்துக்கொண்டிருப்பது எனக்கு உறுத்துகிறது. ஆனால் மிஞ்சியது எது, எவ்வளவு என்று யார் சொல்வது?

பதில்:

அன்புள்ள ஐயா,

உங்கள் முழுக் கடிதத்தில் மகனின் 40 லட்சத்துக்கு ஒரு பத்தி இருக்கிறது. அண்ணன் மகனின் 5 லட்சத்துக்கு ஒரு பத்தி, பள்ளிக்கு ஒன்றரைப் பத்தி. அம்மாவின், அதாவது உங்கள் மனைவியின், முழங்காலுக்கு அரை வரி. நான் அந்த அரை வரியிலிருந்துதான் ஆரம்பிக்கப் போகிறேன்.

தொலைபேசியில் விசாரித்தபோது மீதியையும் சொன்னீர்கள். எலும்பு மருத்துவர் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளலாம் என்றிருக்கிறார். 'பார்க்கலாம்' என்று எழுந்து வந்திருக்கிறீர்கள். மாடிப்படி ஏற முடியாததால் அம்மா மொட்டைமாடியில் வடாம் போடுவதை நிறுத்திவிட்டார். ராஜகோபால சுவாமி கோயில் பிரகாரத்தைச் சுற்றி வர முடியவில்லை என்று கோயிலுக்குப் போவதையும் விட்டுவிட்டார். இவ்வளவும் நடந்த அதே இரண்டு வருஷத்தில் வட்டி மட்டும் எட்டு லட்சத்துக்குக் குறையாமல் அசலில் போய்ச் சேர்ந்திருக்கும்.

மாதம் 34,000 ரூபாய்க்கு மேல் செலவாவதில்லை என்கிறீர்கள். செலவாகவில்லையா, செலவு செய்யவில்லையா? இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. உங்கள் 58 லட்சத்தில் ஒரு பகுதி மிஞ்சிய பணமே அல்ல. தீர்க்காமல் தள்ளிப்போட்ட தேவை, பணமாகத் திரண்டு நிற்கிறது. அதை மிச்சம் என்று எழுதிவைத்துவிட்டு, யாருக்குக் கொடுக்கலாம் என்று நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மா அலுப்பில் பேசவில்லை ஐயா. கணக்காகத்தான் பேசியிருக்கிறார்.

குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உங்கள் வயதுக்காரர்கள் பலரிடம் இதைப் பார்க்கிறேன். ரேஷன் அரிசியும் மாதக் கடைசிக் கைமாற்றுமாக இருந்த காலத்தில் பழகிய கை, பென்ஷன் வந்த பிறகும் இறுக மூடியே இருக்கிறது. சேமிப்பது அப்போது வழியில்லாமல் செய்தது, இப்போது சுபாவமாகிவிட்டது. வருமானம் மாறிய வேகத்தில் சுபாவம் மாறுவதில்லை.

ஆகவே முதலில் மருத்துவரிடம் மறுபடி போங்கள். செயற்கை மூட்டின் விலைக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு உச்சவரம்பு வைத்தது. அதற்குப் பிறகு மூட்டின் விலை வெகுவாகக் குறைந்தது. மருத்துவமனைக் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். பென்ஷனில் மாதாமாதம் பிடிக்கும் மருத்துவக் காப்பீட்டில் இந்தச் சிகிச்சை எந்த மருத்துவமனையில், எவ்வளவு வரை கிடைக்கும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். காப்பீடு ஒரு ரூபாய் தராவிட்டாலும் இதைச் செய்யும் வசதி உங்களுக்கு இருக்கிறது. வேண்டுமா வேண்டாமா என்பதை அம்மாவும் மருத்துவரும் முடிவு செய்யட்டும். பணம் அந்த முடிவுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

நீங்கள் நெல் விளைந்த வீட்டில் பிறந்தவர். அறுவடை முடிந்ததும் அறுத்தவர்களுக்கும் அடித்தவர்களுக்கும் களத்திலேயே கூலி நெல் அளந்துவிடுவார்கள். அடுத்த விதைப்புக்கு விதைக்கோட்டை கட்டிவிடுவார்கள். மறு அறுவடை வரை வீட்டுச் சாப்பாட்டுக்குப் பத்தாயம் நிறைய வேண்டும். இத்தனைக்கும் பிறகு மீந்ததுதான் நெல் வியாபாரிக்கு. களத்தில் குவிந்த மொத்தப் பொலியைப் பார்த்து 'இவ்வளவு வைத்திருக்கிறோமே' என்று உங்கள் அப்பாவுக்கு உறுத்தியிருக்காது; எந்த நெல் எதற்கு என்று அவருக்குத் தெரியும். உங்கள் 58 லட்சம் இன்னும் பிரிக்காத பொலியாகக் கிடக்கிறது. அதனால்தான் கோவையிலிருந்து பார்க்கும் மகனுக்கு முழுவதும் மிச்சமாகத் தெரிகிறது, அடுப்படியிலிருந்து பார்க்கும் அம்மாவுக்கு எதுவுமே மிச்சமாகத் தெரியவில்லை. உங்களுக்கோ, பார்க்கும்போதெல்லாம் உறுத்துகிறது.

பிரித்துப் பார்ப்போம். தொகைகள் என் மதிப்பீடு. நீங்களும் அம்மாவும் உட்கார்ந்து இவற்றை ஏற்றி இறக்கிக்கொள்ளலாம்.

அன்றாடச் செலவுக்கு இந்த 58 லட்சத்திலிருந்து ஒரு பைசா வேண்டாம். பென்ஷனுக்கு அகவிலைப்படி உண்டு. விலைவாசி ஏறினால் அதுவும் கொஞ்சம் ஏறும். கம்யூட்டேஷன் வாங்கி 15 ஆண்டுகள் முடிந்ததும், அதாவது உங்கள் 73 வயது வாக்கில், பிடித்தம் நின்று முழு ஓய்வூதியம் திரும்ப வரும். தனியார் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் என் பதில் வேறு மாதிரி இருந்திருக்கும். 6 சதவீதப் பணவீக்கத்தில் செலவு 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகும். அவருக்கு 58 லட்சம் மிச்சமாகாது, அதுவே சாப்பாடு. பக்கத்து வீட்டுக்காரர் இவ்வளவு கொடுத்தார், நாமும் கொடுக்கலாமே என்ற ஒப்பீடு உதவாமல் போவது இதனால்தான்.

உங்களுக்குப் பிறகு அம்மாவுக்கு என்ன வரும் என்பதை நீங்கள் எழுதவே இல்லை. உங்களைவிட ஐந்து வயது இளையவர் அவர். பெண்கள் பொதுவாக ஆண்களைவிட நீண்ட நாள் இருப்பவர்கள். அவர் தனியாக வாழும் ஆண்டுகள் பத்தோ அதற்கு மேலோ இருக்கலாம் என்று வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். குடும்ப ஓய்வூதியம் நீங்கள் கடைசியாக வாங்கிய சம்பளத்தில் 30 சதவீதம். உங்கள் முழு ஓய்வூதியத்தில் ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்கு. கம்யூட்டேஷன் பிடித்தம் இதைத் தொடாது. அதனால் நீங்கள் இப்போது கையில் வாங்கும் 52,000 ரூபாயில் ஐந்தில் மூன்று என்று போட்டுப் பயப்பட வேண்டாம். நீங்கள் கொடுத்த விவரத்தை வைத்துப் பார்த்தால் அகவிலைப்படியோடு 38, 39 ஆயிரம் வரும். ஒருவர் சாப்பாடு, மருந்து, மின்கட்டணம், வீட்டு வரிக்கு அது போதும்.

போதாமல் போவது ஆள் வைக்கும்போது. இருவரில் ஒருவர் படுத்துவிட்டால் இரவு பகல் துணைக்கு ஆள் வேண்டும். மகன் கோவையில், மகள் திருச்சியில். மாதம் 25,000 என்று வைத்தாலும் ஆண்டுக்கு 3 லட்சம். ஐந்தாறு ஆண்டுகளுக்கு வைத்துப் பாருங்கள். கூலியும் ஏறிக்கொண்டே போகும். இதற்கு 20 லட்சம் ஒதுக்கச் சொல்வேன். அதிகம் என்று தோன்றலாம். மருத்துவமனைச் செலவுக்கு ஏதோ ஒரு காப்பீடு இருக்கும். வீட்டில் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குக் காப்பீடு பொதுவாகக் கிடையாது. பிள்ளைகளுக்குள் மனக்கசப்பு வருவதும் பெரும்பாலும் இந்தச் செலவை யார் கொடுப்பது என்பதில்தான்.

மருத்துவத்துக்குத் தனியாக 15 லட்சம். 'எனக்குத்தான் அரசுக் காப்பீடு இருக்கிறதே' என்று எழுதியிருந்தீர்கள். 2022 ஜூலையில் தொடங்கிய ஓய்வூதியர் திட்டத்தில் பொதுவான வரம்பு 5 லட்சம். அது ஆண்டுக்கு அல்ல, நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து, உங்கள் இருவருக்கும் சேர்த்து. ஒரு இதய அறுவைச் சிகிச்சையும் ஒரு மூட்டு மாற்றும் ஒரே காலகட்டத்தில் வந்தால் தீர்ந்துவிடும். இதற்கு மேல் ஆகும் செலவுக்கு ஒரு சூப்பர் டாப்-அப் காப்பீடு கிடைக்குமா என்று பாருங்கள். முன்பு 65 வயதுக்கு மேல் புதிதாக எடுப்பது கஷ்டம். 2024இல் அந்த வயதுத் தடையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நீக்கியது. ஏற்கெனவே இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலமும் அதிகபட்சம் மூன்று ஆண்டுகள் என்று குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. ஆனாலும் விண்ணப்பத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் எதையும் மறைக்காதீர்கள். பிற்பாடு பணம் கேட்கும்போது அதைத்தான் முதலில் தோண்டுவார்கள்.

வீடு முப்பது வருஷத்துக் கட்டடம் என்றீர்கள். மொட்டைமாடித் தளம், குளியலறையில் பிடிமானக் கம்பி, மேற்கத்திய கழிப்பறை என்று 5 லட்சம். கை அவசரத்துக்கு 3 லட்சம்.

எல்லாம் கூட்டினால் 43 லட்சம். மிச்சம் 15.

மகன் நினைக்கிற 58உம் இல்லை, அம்மா பயப்படுகிற பூஜ்யமும் இல்லை. அதுபோக மாதாமாதம் பென்ஷனில் மிஞ்சும் 18,000 இருக்கிறது. அதை இனிமேலும் சேர்க்காதீர்கள். வீட்டு வேலைக்கு ஆள், திருச்சிக்கும் கோவைக்கும் போக வாடகைக் கார், அம்மாவுக்கு பிசியோதெரபி என்று செலவாகட்டும்.

இந்த 15 லட்சத்தை வைத்துக்கொண்டு இப்போது கேட்பவர்களுக்குப் பதில் சொல்லலாம்.

மகனுக்கு 40 லட்சம் முடியாது. சங்கடப்பட்டுக்கொண்டு மென்று விழுங்காமல், கணக்கைக் காட்டிச் சொல்லுங்கள். அவருக்குச் சம்பளம் வருகிறது, வீட்டுக்கடன் கிடைக்கும், இருபது ஆண்டுகள் கட்டலாம். 66 வயதில் உங்களுக்கு எந்த வங்கி முதியோர் செலவுக்குக் கடன் தரும்? 5 லட்சம் கொடுக்க விரும்பினால் கொடுங்கள். பெற்றோர் பிள்ளைக்குக் கொடுப்பதற்கு வாங்குபவரும் வரி கட்ட வேண்டியதில்லை. ஆனால் அன்றே மகளுக்கும் அதே 5 லட்சம். கேட்காதவர்களுக்குத் தேவை இல்லை என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். தமிழ்நாட்டில் 1989லேயே மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்து சட்டம் திருத்தியாயிற்று. நாடு முழுவதும் 2005இல் வந்தது. உங்கள் எஃப்.டி.யில் ஒரு பகுதி அப்பா வழி நிலத்தின் பணம் என்பதை நினைவில் வையுங்கள். எது பூர்வீகம், எது உங்கள் தனிச் சொத்து என்பதை வழக்கறிஞரிடம் ஒருமுறை தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது.

வீட்டை இப்போதே மகன் பெயருக்கு எழுதி வைத்துவிடலாமா என்று பின்குறிப்பில் கேட்டிருந்தீர்கள். வேண்டாம். குடியிருக்கும் வீடு மிச்சக் கணக்கில் வராது. அப்படியே எழுதுவதானாலும், கடைசிவரை பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். 2007ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி, பராமரிக்கும் நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பராமரிக்காவிட்டால் திரும்பப் பெற வழி இருக்கிறது. நிபந்தனை இல்லாமல் அன்பினால் எழுதிய பத்திரத்தை வைத்துக்கொண்டு தீர்ப்பாயப் படியேறுபவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும்.

அண்ணன் மகன் விஷயத்தில் என் கருத்து கொஞ்சம் கறாரானது. உறவுக்குள் கடன் வேண்டாம். 5 லட்சத்தைக் கடனாகக் கொடுத்து, புரோநோட்டு எழுதி, அது காலாவதியாகும் மூன்று ஆண்டுக் கெடு நெருங்கும்போது வரவு வைக்கச் சொல்லி அவர் கடை வாசலில் போய் நிற்பீர்களா? நிற்க மாட்டீர்கள். தீபாவளிக்குப் பேச்சு நின்றுபோகும், அவ்வளவுதான். திரும்பி வராவிட்டாலும் மனசு கசக்காத தொகை எது என்று பாருங்கள். ஒன்றரை, இரண்டு லட்சம். அதை இனாமாகவே கொடுத்துவிடுங்கள். சித்தப்பா கொடுப்பதற்கும் வருமான வரி கிடையாது. கடனாகத்தான் கொடுப்பேன் என்றால் வங்கி மூலமாக மட்டும். 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கடன் வாங்குவதைச் சட்டம் தடுக்கிறது, அபராதம் வாங்குபவர் தலையில் விழும்.

பள்ளிக்கு 3 லட்சம் தாராளமாக இருக்கும். நன்கொடைக்கு வரிச் சலுகை கிடைக்குமே என்று யாராவது சொன்னால், புதிய வரி முறையில் அது கிடையாது. உங்களுக்கு அது வேண்டவும் வேண்டாம். பென்ஷனும் வட்டியும் சேர்ந்து பத்து லட்சத்தை ஒட்டித்தான் வருகிறது. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை. 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டத்தின் இணையதளத்தில் பள்ளியையும் அதற்கு என்ன வேண்டும் என்பதையும் பார்த்து, பணத்தை அதற்கே கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன் ஒருநாள் பள்ளிக்குப் போய்த் தலைமையாசிரியரிடம் பேசுங்கள். ஸ்மார்ட் போர்டு ஏற்கெனவே மூன்று இருந்து, பெண் பிள்ளைகள் கழிப்பறைக்குத் தண்ணீர் வராமல் இருக்கலாம். தேவைக்கு மேல் இருப்பவர் கொடுப்பது, வாங்குபவரின் தேவைக்கு மேலாகவே போய்ச் சேருவது அடிக்கடி நடக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியில் கல்வெட்டோடு துருப்பிடித்துக் கிடக்கும் குடிநீர்த் தொட்டியைப் பார்த்திருப்பீர்கள்.

பிள்ளைகளுக்கு ஐந்தைந்து, அண்ணன் மகனுக்கு இரண்டு, பள்ளிக்கு மூன்று. பதினைந்தும் ஆயிற்று. விருப்பம் இருந்தால் மட்டும். எல்லாவற்றையும் இந்த வருஷமே கொடுத்துத் தீர்க்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

நகையை உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். 70 பவுன் அம்மாவின் சொத்து; அது மிச்சமா இல்லையா என்பது அவர் பாடு. லாக்கரில் இருப்பதால் ஒரு தகவல் மட்டும். தீயோ, திருட்டோ, வங்கி ஊழியரின் மோசடியோ நடந்தால் வங்கியின் பொறுப்பு லாக்கர் ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான் என்று 2022 ஜனவரி முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. வாடகை 3,000 என்றால் 3 லட்சம். 70 பவுனுக்கு அது எந்த மூலைக்கு? நகைக்குத் தனிக் காப்பீடு எடுக்கலாமா என்று அம்மாவிடம் கேளுங்கள்.

உங்களிடம் சந்தேகமில்லாமல் மிச்சம் என்று சொல்லத்தக்கது அந்த பைபாஸ் மனைதான். கட்டப்போவதில்லை, வாடகை வராது, வருஷா வருஷம் கருவேலம் முளைக்கிறது. இதைத்தான் கணக்கில் கடைசியாக, 'இதுபோக' என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டா உங்கள் பெயரில் மாறியிருக்கிறதா, விற்றவர் பெயரிலேயே நிற்கிறதா என்று இந்த மாதமே பாருங்கள். வில்லங்கச் சான்றை இணையத்திலேயே பார்க்கலாம். நான்கு மூலைக்கும் கல் நட்டு வேலி போடுங்கள். விற்பதானால், 2024 ஜூலை 23க்கு முன் வாங்கிய இடம் என்பதால் பணவீக்கச் சரிக்கட்டல் (வாங்கிய விலையை விலைவாசிக்கு ஏற்ப உயர்த்திக் கணக்கிடுவது) இல்லாமல் 12.5 சதவீதம், சரிக்கட்டலோடு 20 சதவீதம் இரண்டில் எந்த முறையில் வரி குறைவோ அதைக் கட்டினால் போதும். மகன் ஃபிளாட்டுக்கும் மகளுக்கும் பெரிதாகச் செய்ய வேண்டும் என்று ஆசை இருந்தால் இந்த மனையை விற்றுச் சரிபாதியாகக் கொடுங்கள். எஃப்.டி.யைத் தொட வேண்டியதில்லை.

அடுத்து, நீங்கள் அனுப்பிய ரசீது நகல்கள். ஏழு ரசீது, ஒரே வங்கி, ஒரே கிளை. வங்கி மூழ்கினால் கிடைக்கும் வைப்புக் காப்பீடு ஒரு வங்கியில் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்ந்து 5 லட்சம் வரைதான். 2020 பிப்ரவரிக்கு முன் அது 1 லட்சமாக இருந்தது. உங்கள் வங்கி நாளைக்கே மூழ்கும் என்று சொல்லவில்லை. 43 லட்சத்துக்கு இருப்பிடம் பார்க்கும்போது எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்க வேண்டாம் என்கிறேன். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 2023 ஏப்ரலில் இந்த வரம்பு 15இலிருந்து 30 ஆயிற்று. அன்றிலிருந்து 2025 வரை வட்டி 8.2 சதவீதமாக இருந்தது. போடும் நாளில் என்ன விகிதமோ அதுதான் ஐந்து ஆண்டுகளுக்கும். 30 லட்சத்துக்கு 8.2 என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய் கணக்கில் வந்து விழும். அசலோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாமல் போகாது. உங்களைப் போன்றவருக்கு அதுவே பெரிய லாபம், கைக்கு வந்தால்தான் செலவு செய்யத் தோன்றும்.

இரண்டாவது ரசீதில் நாமினி என்ற இடத்தில் இருப்பது உங்கள் தாயார் பெயர். அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆனதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ரசீது தானாகப் புதுப்பிக்கும்போதெல்லாம் அந்தப் பெயரும் கூடவே வந்திருக்கிறது; யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மற்ற ஆறிலும் மகன் பெயர். உங்கள் மனைவி பெயர் ஒன்றில்கூட இல்லை. நாமினி என்பவர் வங்கியிடமிருந்து பணத்தை வாங்கி வைப்பவர்தான். அது அவருடையதாகிவிடாது, வாரிசுகளுக்குப் போக வேண்டும். உயில் இல்லாவிட்டால் அம்மா, மகன், மகள் மூவருக்கும் சமபங்கு. அதாவது அம்மாவின் முதுமைக்கு என்று நாம் பார்த்துப் பார்த்து ஒதுக்கிய பணத்தில் அவருக்குச் சட்டப்படி வருவது மூன்றில் ஒன்று. மீதிக்குப் பிள்ளைகள் மனசு வைக்க வேண்டும். வைப்பார்கள்தான். வைக்க வேண்டிய நிலையில் அவரை ஏன் விட வேண்டும்?

ஆகவே உயில். வெள்ளைத்தாளில் எழுதினாலும் செல்லும். இரண்டு சாட்சிகள் நீங்கள் கையெழுத்திடுவதைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சாட்சிகள் பங்கு பெறாதவர்களாக, உங்களைவிட இளையவர்களாக இருப்பது நல்லது. பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுங்கள். எஃப்.டி. முழுவதும் முதலில் அம்மாவுக்கு, அவருக்குப் பிறகு மீதமிருப்பது பிள்ளைகளுக்குச் சமமாக என்று எழுதலாம். அம்மாவும் தன் நகைக்குத் தனியாக ஓர் உயில் எழுதட்டும்.

இன்னொன்று. எஃப்.டி.யைப் பிரிக்கப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் கிளையில் காபி வரும். 'சார், ஐந்து வருஷம் கட்டினால் போதும், டபுள் ஆகும்' என்று ஒரு காப்பீட்டு பாலிசியை நீட்டுவார்கள். உங்கள் வருமானத்தை நம்பி வாழும் சிறு பிள்ளைகள் இல்லாதபோது 66 வயதில் உங்களுக்கு ஆயுள் காப்பீடு எதற்கு? தெரியாமல் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் பத்திரம் கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம். வங்கிக்கு வெளியே மாதம் பத்து, இருபது சதவீதம் என்று பேசுபவர்களைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 2022இல் வெடித்த ஆருத்ரா நிதி நிறுவன விவகாரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பணம் மாட்டிக்கொண்டதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். பெயரிடாமல் கிடக்கும் பணத்தை நோக்கித்தான் இப்படிப்பட்டவர்கள் வருவார்கள். 'இது ஆள் வைக்க, இது ஆஸ்பத்திரிக்கு' என்று எழுதி வைத்த பணத்தை எடுத்துக் கொடுக்க உங்களுக்கே கை வராது.

எத்தனை ஒதுக்கினாலும் அது பற்றாமல் போகலாம், தொடாமலே மீந்தும் போகலாம். 85 வயதில் 20 லட்சம் அப்படியே இருந்தால், அது அன்றைய மிச்சம், அன்றைக்குக் கொடுத்துக்கொள்ளலாம். வருஷத்துக்கு ஒருமுறை, பென்ஷனுக்கு உயிர்ச்சான்று கொடுக்கும் மாதத்தில், இருவரும் இந்தத் தாளை எடுத்து மாற்றி எழுதுங்கள். மகனும் மகளும் அதே தாளைப் பார்க்கட்டும். ஒருவருக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாமல் இருக்கக் கூடாது.

மூன்றாவது ரசீது அடுத்த மாதம் 11ஆம் தேதி முதிர்கிறது. அதன் கீழே 'தானியங்கிப் புதுப்பிப்பு: ஆம்' என்றிருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் கிளைக்குப் போய் அதை மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். அப்போதே ஏழு ரசீதுக்கும் நாமினி மாற்றும் படிவத்தையும் கொடுத்துவிடலாம். 2025 நவம்பர் முதல் ஒரு கணக்குக்கு நான்கு பேர் வரை நாமினி போட விதி இடம் தருகிறது. முதல் பெயராக அம்மா பெயரை எழுதுங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள், ஆட்டோ வைத்து.